காய்ச்சலுக்குப் பின் விடாத அசதி, குடியை நிறுத்தியவருக்கு: "சும்மா இருக்காதே" என்று சொல்லலாமா?

தண்டையார்பேட்டை ஆலோசகர்:

குடிமறுவாழ்வில் வேலை பார்க்கும் தோழர்களுக்கும் மருத்துவர்களுக்கும் வணக்கம். காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கமிருந்து வருபவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு நிலையைப் பற்றிக் கேட்கிறேன். குடியை நிறுத்தி மூன்று நான்கு மாதம் ஆகியிருக்கும். இடையில் டெங்குவோ கோவிட்டோ சிக்குன்குனியாவோ வந்து போயிருக்கும். காய்ச்சல் விட்டு, பிளேட்லெட் ஏறி, "எல்லாம் நார்மல்" என்று அனுப்பிவிடுவார்கள். அசதி மட்டும் போகாது. ஒரு நாள் லோடு ஏற்றப் போனால் அடுத்த இரண்டு நாள் படுக்கை. வீட்டிலோ, "குடிக்கும்போதுகூட ஒழுங்கா வேலைக்குப் போனாரு, விட்டப்புறம் சோம்பேறி ஆயிட்டாரு" என்கிறார்கள்.

நாம் வழக்கமாகச் சொல்வது, சும்மா இருக்காதே, நட, உடம்பைக் களைப்பாக்கு, தினம் குடியை விட்டவர்கள் கூடும் மீட்டிங் போ. இவர்களுக்கு அது ஆளையே சாய்த்துவிடுகிறது. சரி, படுத்திருக்கட்டும் என்று விட்டால், பகல் 12 மணிக்கு டாஸ்மாக் திறக்கும் நேரத்தில் ஆசை தலைக்கேறுகிறது. இது குடியை விட்டதன் பின்விளைவா, மனச்சோர்வா, தொற்றுக்குப் பின் வரும் அசதியா என்று எப்படிப் பிரிப்பது? நாளை எப்படி வகுத்துக் கொடுப்பது? மாத்திரைகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

மருத்துவ உளவியலாளர், பெரம்பூர்:

மூன்றையும் பிரிப்பதற்குச் சோர்வின் அளவைவிட அது வரும் நேரம்தான் உதவும்.

குடியை நிறுத்திய முதல் 6 முதல் 24 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வரும். வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள், டெலிரியம் என்னும் கடும் மனக்குழப்பம் 48 முதல் 96 மணி நேரத்துக்குள். அதன் பிறகு மாதக்கணக்கில் தூக்கம் கெடுவது, எரிச்சல், எதிலும் சுவை இல்லாமல் போவது எல்லாம் இருக்கலாம். ஏறி இறங்கினாலும் மாதத்துக்கு மாதம் பார்த்தால் போக்கு மேல்நோக்கி இருக்கும். வேலை செய்த மறுநாள் ஆள் விழுவது இதன் இயல்பு இல்லை.

தொற்றுக்குப் பிந்தைய அசதியின் அடையாளம் உழைப்புக்குப் பின் வரும் சரிவு. செய்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாத அளவில், பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் தாமதித்து வரும். நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். தொண்டை கரகரப்பு, உடம்பு வலி, யோசனை மந்தமாவது, தூங்கி எழுந்தும் தூங்காதது போன்ற நிலை எல்லாம் கூடவே வரும். இந்தத் தாமதத்தால்தான் ஆளுக்கே காரணம் பிடிபடுவதில்லை. திங்கட்கிழமை மூட்டை தூக்கியதற்குப் புதன்கிழமை விலை கொடுக்கிறார். புதன்கிழமை என்ன செய்தோம் என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

மனச்சோர்வைப் பிரிக்க ஒரு கேள்வி போதும்: "நாளைக்கே உடம்பு சரியாயிட்டா என்னென்ன செய்வீங்க?" அசதி நோய் உள்ளவர் கடகடவென்று பட்டியல் போடுவார். மனச்சோர்வு உள்ளவருக்குப் பெரும்பாலும் பதில் வராது. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம், அதனால் இந்தக் கேள்வியோடு நின்றுவிட வேண்டாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள்.

வீட்டார் சொல்லும் "சோம்பேறி" என்ற பழிக்கு ஆய்விலேயே பதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டப்போ நகரத்தில் மூன்று தொற்றுகளில் ஒன்று வந்த 253 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து சுமார் 12 சதவீதம் பேருக்கு அன்றாட வாழ்வை முடக்கும் நோய் மிச்சமிருந்தது. யாருக்கு வரும் என்பதைக் காட்டியது முதல் காய்ச்சலின் கடுமை. முன்பிருந்த மனநிலைக் கோளாறோ குணமோ அல்ல. அந்த மூன்றில் ஒன்றான ராஸ் ரிவர் வைரஸ் நம் ஊர்ச் சிக்குன்குனியாவின் குடும்பம்தான். நார்வேயின் பெர்கன் நகரில் 2004இல் குடிநீர் வழியே ஜியார்டியா பரவியபோது, மூன்று ஆண்டு கழித்தும் தொற்று வந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு நாள்பட்ட அசதி; தொற்று வராத ஒப்பீட்டுக் குழுவில் 12. வைரஸ், பாக்டீரியா, ஒட்டுண்ணி எதற்குப் பின்னும் இது வரலாம். வீட்டாரை ஒரு நாள் உட்கார வைத்து இதைச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது 14 நாள் குறிப்பு. ஒரு நோட்டில் ஆறு பத்திகள்: என்ன வேலை, எவ்வளவு நேரம், எவ்வளவு நேரம் நின்றார், தூக்கம், அசதி 0 முதல் 10, குடி ஆசை 0 முதல் 10. ஆசையையும் அசதியையும் ஒரே பக்கத்தில் எழுத வைப்பதுதான் முக்கியம். சரிவு நாளன்று ஆசை ஏறுகிறதா, சரிவுக்கு முந்தின நாளா என்பது அப்போதுதான் தெரியும். உறுதிப்படுத்துகிறேன் என்று ஓட வைத்தோ மாடி ஏற வைத்தோ சோதிக்காதீர்கள். அந்தச் சோதனையே ஒரு வாரத்தைத் தின்றுவிடும்.

நாள்பட்ட அசதி நோய் (ME/CFS) என்று பெயர் வைக்க அவசரம் வேண்டாம். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் (NICE) வெளியிட்ட வழிகாட்டுதல் (2021) பெரியவர்களுக்கு 6 வாரத்தில் சந்தேகிக்கலாம், 3 மாதத்தில் உறுதிசெய்யலாம் என்கிறது. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் (IOM) 2015இல் தந்த வரையறை 6 மாதம் கேட்கிறது. தற்காப்பான நாள் ஒழுங்கை மட்டும் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடலாம்.

பொது மருத்துவர், ராயபுரம்:

உளவியலாளர் சொன்னதற்கு முன்னால் ரத்தம் பார்க்க வேண்டும். குடித்துப் பழகிய உடம்பில் அசதிக்குக் காரணங்கள் நிறைய, அவற்றில் பல மருந்துக்குக் கேட்பவை. ஹீமோகுளோபின், எம்சிவி, ஃபெரிட்டின், பி12, தைராய்டு, எச்பிஏ1சி, கல்லீரல், சிறுநீரகம், சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், ஈஎஸ்ஆர், ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி. வடசென்னையில் மார்பு எக்ஸ்ரேவையும் சளிப் பரிசோதனையையும் விடவே கூடாது. மாலைக் காய்ச்சல், எடை குறைவு, அசதி மூன்றும் சேர்ந்தால் முதலில் காசநோய்தான். குறட்டை பலமாக இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடையையும் கேளுங்கள்.

பி1 (தயமின்) சத்து குறைந்தால் அசதி, கால் எரிச்சல், நெஞ்சுப் படபடப்பு வரும். தொடர்ந்து குடித்தவர்களுக்கு மாத்திரையாகக் கொடுத்தால் குடல் சரியாக உறிஞ்சாது, ஆரம்பத்தில் ஊசியே நல்லது. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் போய்விட வேண்டும்.

நிற்கும் சோதனையை உங்கள் மையத்திலேயே செய்யலாம். பத்து நிமிடம் படுக்க வைத்து நாடி, ரத்த அழுத்தம். பிறகு சுவரில் தோள் சாய்த்துப் பத்து நிமிடம் நிற்க வைத்து, நிமிடத்துக்கு ஒரு முறை அளவு. பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். தலை சுற்றினால் உடனே நிறுத்திப் படுக்க வையுங்கள். அழுத்தம் விழாமல் நாடி 30க்கு மேல் ஏறி அப்படியே நின்றால் அது நிற்கும்போது இதயத்துடிப்பு அளவுக்கு மீறி ஏறும் நிலை (POTS). மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 இறங்கினால் தாழ் அழுத்தம். குடியால் நரம்பு கெட்டவருக்கும் இரண்டாவது வரும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: இணையத்தில் படித்துவிட்டு "உப்பும் தண்ணீரும் கூட்டு" என்கிறார்கள். கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவருக்கு உப்பைக் கூட்டினால் நேராக வார்டுதான். ஸ்கேன் பார்க்காமல் உப்பைத் தொடாதீர்கள்.

குடியை விட உதவும் மாத்திரைகள். குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிராம் தூக்கக் கலக்கமும் அசதியும் தரும், கல்லீரலையும் நரம்பையும் கெடுக்கலாம்; அசதி நோயாளிக்கு என் முதல் தேர்வு அது இல்லை. சாப்பாட்டில் கலந்து தெரியாமல் கொடுக்கும் வழக்கம் உயிருக்கே ஆபத்து. குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் 50 மி.கி. முதல் சில நாள் குமட்டலும் அசதியும் தரலாம், அதை நோய் கூடியதாக நினைத்து நிறுத்திவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். டிரமடால், டேபென்டடால் போன்ற அபின் வகை வலி மாத்திரையோ கோடீன் இருமல் சிரப்போ எடுப்பவருக்கு இதைக் கொடுத்தால் கடும் விலகல் குறி வரும். 7 முதல் 10 நாள் இடைவெளி வேண்டும். நம் பகுதியில் வலி மாத்திரைப் பழக்கம் இருப்பதால் கேட்டே ஆக வேண்டும். அசதிக்கென்று ஆராயப்படும் குறைந்த அளவு நால்ட்ரெக்ஸோன் 4.5 மி.கி. வரைதான், பலன் இன்னும் உறுதியாகவில்லை. 50 மாத்திரையைக் கிள்ளிப் போடும் வேலை வேண்டாம். அகாம்ப்ரோசேட் 333 மி.கி. இரண்டு வீதம் மூன்று வேளை. கல்லீரலைத் தொடாது, சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். பேக்லோஃபென் தசையைத் தளர்த்தி மயக்கம் தரும், திடீரென்று நிறுத்தக் கூடாது.

தொழில்வழிச் சிகிச்சையாளர், திருவொற்றியூர்:

நாள் ஒழுங்குக்கு வருகிறேன். "உடம்பைக் களைப்பாக்கு", "ஓய்வெடு" இரண்டும் இவர்களுக்குப் பொருந்தாது. உடம்புக்குச் செலவு குறைவாகவும் மனசுக்குப் பிடிமானம் அதிகமாகவும் உள்ள வேலைகளால் நாளை நிரப்ப வேண்டும். படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சியை 2021 நைஸ் வழிகாட்டுதலே இந்த நோய்க்கு விலக்கிவிட்டது.

நோட்டில் சரிவு வராத நாள்களைப் பார்த்து, அன்று செய்த வேலையின் முக்கால் பங்கை வரம்பாக வையுங்கள். நல்ல நாளிலும் அதைத் தாண்டக் கூடாது. தாண்டுவது எப்போதும் நல்ல நாளில்தான். கையில் நாடி காட்டும் கடிகாரம் இருந்தால், ஏழு நாள் காலை ஓய்வு நாடியின் சராசரியோடு 15 கூட்டி அதற்குள் இருக்கச் சொல்லலாம். நாடியைக் குறைக்கும் புரோப்ரனலால் எடுப்பவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஈரல் அழுத்தத்துக்கு அதைப் பலர் எடுக்கிறார்கள்.

வடசென்னையில் சரிவை உண்டாக்கும் முதல் எதிரி தண்ணீர்க் குடம். ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடிக்கு நிறைகுடம் தூக்குவது, ரேஷன் வரிசை, ஓபி சீட்டு வரிசை, மே மாதப் புழுக்கம். குடத்துக்குப் பதில் ஐந்து லிட்டர் கேன், மாடித் திருப்பத்தில் உட்கார ஒரு ஸ்டூல், குளியல் உட்கார்ந்தபடி, வரிசைக்கு வீட்டில் வேறொருவர். இதைச் செய்தாலே மீட்டிங் போகத் தெம்பு மிஞ்சும்.

12 மணி விஷயம். ஆசையின் உச்சம் பொதுவாக 20, 30 நிமிடத்தில் இறங்கிவிடும். அதனால் 11:15க்கே சாப்பாடு, 11:45 முதல் 12:30 வரை படுத்தபடி செய்யும் வேலை: உடன் குடியை விட்டவருக்குப் போன், கண்ணை மூடி ஆசை உடம்பில் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கவனிப்பது, காதில் ரேடியோ. வலை பின்னத் தெரிந்தவருக்கு உட்கார்ந்து செய்யும் வலைவேலை மிக நல்லது. அதற்கும் 20 நிமிடத்தில் நிறுத்தம் வையுங்கள். மாலை ஐந்து மணிக்கும் இதே மாதிரி ஒரு பொழுது வேண்டும்.

மீட்டிங்கை வாரம் இரண்டு நேரில், மற்றவை போனில் என்று மாற்றுங்கள். பாதியில் எழுந்து போகலாம் என்று நடத்துபவரிடம் முன்பே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் "இவருக்கு மனசில்லை" என்று பெயர் வந்துவிடும்.

தண்டையார்பேட்டை ஆலோசகர்:

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். தூக்கத்துக்கு நாம் செய்யும் சிகிச்சையில் படுக்கை நேரத்தைக் குறைப்போமே, அதைச் செய்யலாமா? சரிவு நாளில் ஒருவர் குடித்துவிட்டால் அடுத்து என்ன?

மருத்துவ உளவியலாளர், பெரம்பூர்:

படுக்கை நேரக் குறைப்பை இவர்களுக்கு விட்டுவிடுங்கள். எழும் நேரத்தை நிலையாக வைப்பது, பகல் ஓய்வைத் தூங்காமல் 15 நிமிடக் கண்மூடலாகப் பிரிப்பது, மதியத்துக்குப் பின் டீயை நிறுத்துவது போதும். தூக்கமின்மை மறுபடி குடிக்க வைக்கும் முக்கியக் காரணம் என்று ஆய்வுகள் காட்டுவதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

குடித்துவிட்டவரிடம் "எல்லாம் போச்சு" என்ற நினைப்புதான் இரண்டாவது குவாட்டரை வாங்க வைக்கிறது. வரம்பு தாண்டி வேலை செய்த நாளிலும் அதே நினைப்பு வரும். இரண்டுக்கும் ஒரே அட்டையில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்: யாருக்குப் போன், எதைச் சாப்பிடுவது, எந்த வேலைகளை இரண்டு நாள் நிறுத்துவது. 14416 டெலிமானஸ், 14446 போதை மீட்பு உதவி எண் இரண்டும் அதில் இருக்கட்டும்.

பொது மருத்துவர், ராயபுரம்:

42.8 சதவீத சரக்கில் 180 மில்லி என்றால் சுமார் 61 கிராம் சுத்த ஆல்கஹால். மாதக்கணக்கில் விட்டவருக்கு முன்பிருந்த தாங்கும் சக்தி இருக்காது, நிற்கும்போது அழுத்தம் விழுபவர் அதே இடத்தில் விழுந்து தலையில் அடிபடுவார். ஒரு நாள் குடித்து நிறுத்தினால் வீட்டிலேயே பார்க்கலாம். நாலைந்து நாள் தொடர்ந்து குடித்துவிட்டு நிறுத்துபவருக்கு, அதுவும் முன்பு வலிப்பு வந்தவருக்கு, வீட்டில் நிறுத்த விடாதீர்கள். கை நடுக்கம் தொடங்கியதும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு. சீட்டு எழுதும் இடத்திலேயே கடைசியாகக் குடித்த நேரத்தையும் பழைய வலிப்பையும் சொல்லச் சொல்லுங்கள்.