புளியந்தூரும் கணுக்கட்டையும்: கோடாலியா, ஹைட்ராலிக் மெஷினா?

மரமறி:
புளியந்தூரையும் கணுக்கட்டையையும் விறகுக்குப் பிளக்கக் கோடாலி நல்லதா, மெஷின் நல்லதா என்றால், முதலில் மரத்தின் குணத்தைப் பாருங்கள். புளியில் நார் நேராக ஓடாது. ஒரு அடுக்கு வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கு இடப்பக்கம் சாயும். அதனால்தான் நடுவில் ஓங்கிப் போட்ட கோடாலி ஒன்று எகிறும், இல்லையென்றால் கட்டைக்குள் மாட்டிக்கொள்ளும். வேம்பும் ஓரளவு இதே குணம்தான்.

கையால் பிளப்பவர்கள் நடுத்தண்டைத் தொடவே வேண்டாம். ஓரத்தில் தொடங்கி, மூன்று அங்குலக் கனத்தில் பத்தை பத்தையாக எடுத்துக்கொண்டு கட்டையைச் சுற்றி வாருங்கள். கடைசியில் வயிரம் மட்டும் மிஞ்சும். அது சின்னதாகிவிட்டால் அடங்கும். அடிக்கும் முன் வெட்டுமுகத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். மெல்லிய வெடிப்பு ஒன்றாவது தெரியும். அந்தக் கோட்டிலேயே எல்லா அடியும் விழ வேண்டும். ‘ணங்’ என்று கேட்டால் உள்ளே எதுவும் நகரவில்லை. சத்தம் அமுங்கி ‘தொப்’ என்று மாறும்போது வெடிப்பு இறங்கிவிட்டது. அடுத்த அடியையும் அதே இடத்தில் போடுங்கள்.

ஆப்பு குறைந்தது இரண்டு வேண்டும். முதல் ஆப்பு இறங்கி நின்றதும், அது திறந்துவிட்ட வெடிப்பில் நாலு அங்குலம் தள்ளி இரண்டாவதை வையுங்கள். இரண்டாவது இறங்க இறங்க முதல் ஆப்பு தானாகத் தளர்ந்து வெளியே வரும். ஒற்றை ஆப்பு மாட்டிக்கொண்டால் அதை எடுக்கவே அரைநாள் போய்விடும். சம்மட்டி அடியில் தலை விரிந்து ஓரம் சுருண்ட ஆப்பைக் கிரைண்டரில் தேய்த்த பிறகே பயன்படுத்துங்கள். அந்த ஓரத்திலிருந்து தெறிக்கும் இரும்புச் சில்லு கண்ணுக்கு வரும்.

கரிமூட்டம்:
மரமறி அண்ணன் சொன்னதோடு ஈரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத் தூரைத் தோண்டி எடுத்த கையோடு பிளந்துவிடுவது நல்லது. பச்சையில் இறங்கும் கோடாலி, ஒரு கோடை காய்ந்த தூரில் பல்லைக்கூடப் பதிக்காது. தைலமரம் இன்னும் மோசம். காயக் காய முறுக்கு இறுகும். “காயட்டும், பிறகு உடைக்கலாம்” என்ற எண்ணமே இந்த இரண்டு மரத்துக்கும் ஆகாது.

கவைக்கட்டையை இரண்டு கிளைக்கும் நடுவில் அடித்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள். அங்கேதான் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. கிளைகள் கீழே இருக்கும்படி கவிழ்த்து நிறுத்தி, இரண்டு கிளையையும் சரிபாதியாகக் கிழிக்கும் கோட்டில் அடியுங்கள். இரண்டு ‘ஒய்’ வடிவப் பலகை கிடைத்தால் சரியாகப் பிளந்திருக்கிறீர்கள்.

பட்டறைக்காரர்:
மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு. ஆயில் அழுத்தத்தில் சிலிண்டரிலிருந்து நீளும் தண்டு, கட்டையையும் ஆப்பையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பிளப்பதுதான் இந்த மெஷின். விற்பவர் “30 டன்” என்பார். டன் கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம். சிலிண்டர் உள்விட்டம் 100 மி.மீ. என்றால் பரப்பு 78.5 சதுர செ.மீ. அழுத்தம் 200 பார் (பார் என்பது அழுத்த அளவு) என்றால் தள்ளுவிசை சுமார் 16 டன். 125 மி.மீ. சிலிண்டர் அதே அழுத்தத்தில் சுமார் 25 டன். புளியின் கணுவுக்கு 16 டன் பல நேரம் போதாது, 25 வேண்டும். நேரான நாருக்குப் பத்தே போதும்.

ஆனால் சிலிண்டர் பெருத்தால் வேகம் குறையும். தண்டு 600 மி.மீ. நீளுவதற்கு 100 மி.மீ. சிலிண்டர் 4.7 லிட்டர் ஆயில் கேட்கும், 125 மி.மீ. சிலிண்டர் 7.4 லிட்டர் கேட்கும். 5 எச்.பி. மோட்டாரால் 200 பாரில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் அளவுக்குத்தான் தள்ள முடியும். அப்படியானால் பெரிய சிலிண்டர் ஒரு தடவை முழுதாக ஓட 44 வினாடி. இதனால்தான் இரண்டு நிலை பம்ப் வேண்டும் என்கிறேன். கட்டையைத் தொடும் வரை அதிக ஆயில், குறைந்த அழுத்தம். முட்டியதும் ஆயில் குறைந்து அழுத்தம் ஏறும். பம்ப் மாறும் நொடியில் சத்தம் கனமாகும், காதால் உணரலாம்.

தண்டு நின்று, வால்விலிருந்து ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல் வந்தால் ரிலீஃப் (அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு) திறந்துவிட்டது என்று பொருள். லீவரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் ஆயில் கொதிப்பதுதான் மிச்சம். விட்டுவிட்டுக் கட்டையைத் திருப்பி வையுங்கள். ரிலீஃப் திருகை இறுக்கி அழுத்தம் கூட்டும் வேலை மட்டும் வேண்டாம். ஹோஸ் வெடிக்கும் அல்லது பீம் (மெஷினைத் தாங்கும் இரும்புச் சட்டம்) வளையும்.

மரமறி:
சரியாகச் சொன்னீர்கள். மெஷின் இருந்தாலும் வெட்டுமுகத்தைப் படிக்காமல் முடியாது. ஆப்பு முதலில் தொடும் முனையில் கணு இருக்கக் கூடாது, எதிர் முனையில் இருக்கட்டும். பெரிய கட்டையில் இங்கேயும் ஓரப் பத்தைதான் முதலில்.

தோட்டக்காரன்:
கூலி வேலையாக மெஷின் ஓட்டும் இடங்களில் அதிகம் நடக்கும் தப்பு, ஒருவர் கட்டையைப் பிடிக்க இன்னொருவர் லீவர் இழுப்பது. கட்டையை வைப்பவர் கையில்தான் லீவரும் இருக்க வேண்டும். விரல் போகும் விபத்து பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. சாய்வாக அறுத்த கட்டை தள்ளும்போது பக்கவாட்டில் எகிறும், தண்டும் வளையும். இரண்டு முனையையும் செங்குத்தாக அறுத்து வாங்குங்கள்.

18 அங்குல விட்டம், 16 அங்குல நீளப் பச்சைப் புளிக்கட்டை 70 கிலோவைத் தாண்டும். படுக்கைவச மெஷினில் அதைத் தூக்கி வைத்தால் ஒரே நாளில் இடுப்பு போய்விடும். பீமை நிமிர்த்தி நிறுத்தும் வசதி இருந்தால் கட்டையைத் தரையிலேயே உருட்டி அடியில் தள்ளிவிடலாம்.

சாலையோரப் புளி என்றால் உள்ளே ஆணி, கம்பி கட்டாயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத் தகடு அடித்த ஆணியை மரம் விழுங்கியிருக்கும். வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் அந்தப் பக்கம் ரம்பமும் கோடாலியும் போகக் கூடாது. மெஷின் ஆப்புக்கு அதனால் பெரிய சேதம் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மெஷினுக்கே என் ஓட்டு.

டிராக்டரில் மாட்டிச் சுழலும் திருகுக் கூம்பும் விற்கிறார்கள். கட்டை கூம்போடு சேர்ந்து சுழல ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவர் கதி என்ன? வேட்டி, துண்டு சுற்றிக்கொண்டாலும் அதே ஆபத்துதான். விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள்.

கரிமூட்டம்:
சவுக்கு, நேரான கருவேலம் என்றால் பழகிய கைக்கு முன்னால் மெஷின் நிற்காது. தண்டு போய்த் திரும்புவதற்குள் கோடாலியில் நாலு கட்டை முடிந்திருக்கும். குவியலை முதலில் பிரித்துப் போடுங்கள்: நேரானது கைக்கு, கணுவும் கவையும் தூரும் மெஷினுக்கு. கலந்து கிடக்கும் குவியலை அப்படியே மெஷினில் ஏற்றினால் டீசலும் ஆளும் வீண்.

பட்டறைக்காரர்:
பராமரிப்பு பற்றியும் எழுதிவிடுகிறேன். நம் வெயிலுக்கு 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில் (நம்பர் என்பது ஆயிலின் கெட்டித்தன்மை அளவு). ஆயில் பால் நிறமானால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்தால், பம்ப் கீச்சிட்டால் உறிஞ்சும் ஹோஸில் காற்று புகுகிறது. கிளிப்பை இறுக்குங்கள், டேங்க் மட்டத்தைப் பாருங்கள். பட்டை மணல் தண்டில் ஒட்டி உள்ளே போனால் சீல் கீறும். மாலையில் தண்டை உள்ளே இழுத்துத் துடைத்துவிட்டு நிறுத்துங்கள். ஹோஸில் ஊசிமுனைக் கசிவு தெரிந்தால் விரலால் தடவவே கூடாது. அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், உடனே அறுவைசிகிச்சை வரை போகும். அட்டையை நீட்டிக் கண்டுபிடியுங்கள்.

மரமறி:
இரண்டுக்கும் அடங்காத தூர் வந்தால் செயின்சாவால் நீளவாக்கில் பாதி ஆழம் வரை ஒரு கோடு அறுங்கள். தூள் நீள நீள நாராக வந்து ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) மூடிக்குள் அடைக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று தடவை அதை எடுத்துப் போட வேண்டும். பிறகு அந்தக் கோட்டிலேயே ஆப்பை வைத்து அடித்தால் மீதி திறந்துவிடும்.