கோழி இறக்கை, ஆட்டுக்கால், மனிதக் கை எல்லாம் ஒரே எலும்பு வரிசை: "பண்ணினவன் ஒருத்தன், அதான் ஒரே மாதிரி" என்றால் என்ன பதில் சொல்வது?

கண்டனூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு, தமிழ் வழி. இப்போது பரிணாமப் பாடம் நடக்கிறது. போன ஞாயிறு வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு, அவள் புத்தகத்தோடு அடுப்படிக்கே வந்துவிட்டாள். வெந்த இறக்கை ஒன்றை எடுத்துச் சதையை உரித்து, தோளை ஒட்டி ஒரு எலும்பு, மடங்கும் இடத்துக்குக் கீழே இரண்டு, நுனியில் ஒட்டிப்போன விரல் எலும்புகள், பக்கத்தில் கட்டைவிரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு சின்ன முள், எல்லாவற்றையும் தட்டில் வரிசையாக வைத்துவிட்டுத் தன் கையைப் பக்கத்தில் நீட்டிக் காட்டினாள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, இத்தனை வருடம் கோழி வெட்டுகிறேன், ஒரு நாளும் இப்படிப் பார்த்ததில்லை. "அமைப்பு ஒத்த உறுப்புகள் அம்மா, நமக்கும் கோழிக்கும் ஒரே மூதாதை என்பதற்கு ஆதாரம்" என்றாள்.

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவள் அப்பத்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒரே ஆசாரி இழைச்ச கதவெல்லாம் ஒரே சாயல்லதான் இருக்கும். அதுக்காக ஒரு கதவு இன்னொரு கதவுக்குப் பங்காளியா?" என்று கேட்டார்கள். பிள்ளையிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. அப்பத்தாவை மடக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. சாயல் ஒன்றாக இருப்பதை வைத்து, ஒருவர் செய்ததா, ஒரு வழியில் வந்ததா என்று எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்?

பள்ளத்தூர் விலங்கியல் வாத்தியார்:

தங்கச்சி, உங்கள் மாமியார் கேட்டது சரியான கேள்வி. 30 வருடத்துக்கு மேல் விலங்கியல் எடுத்தவன் சொல்கிறேன், இதே கேள்வியை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டால் அன்றைக்குப் பாடம் நன்றாக நடந்தது என்று அர்த்தம். சாயல் மட்டும் போதாது. எந்த மாதிரிச் சாயல் என்று பார்க்க வேண்டும்.

அடுத்த முறை ஆட்டுக்கால் சூப் வைக்கும்போது முட்டிக்குக் கீழே இருக்கிற நீள எலும்பைச் சுத்தமாகக் கழுவி எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் நடுவில் மேலிருந்து கீழே ஒரு வாய்க்கால் மாதிரிக் கோடு ஓடும். கீழ் முனை இரண்டாகப் பிரிந்து ஒவ்வொன்றும் ஒரு குளம்பைத் தாங்கும். பார்க்க ஒரு எலும்புதான், ஆனால் அது இரண்டு எலும்பு ஒட்டி ஒன்றானது. கருவில் இருக்கிற குட்டிக்கு அவை தனித்தனியாகவே தொடங்குகின்றன, அப்புறம்தான் ஒட்டுகின்றன. நம் உள்ளங்கையில் நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் அடியில் இருக்கிற அதே இரண்டு எலும்பு. குளம்புக்குப் பின்னால் தரையில் படாமல் தொங்குகிற இரண்டு குட்டிக் குளம்பும் மற்ற விரல்களின் மிச்சம். புதிதாக ஒரு தூண் செதுக்குகிற ஆசாரி இரண்டு கட்டையை எடுத்து ஒட்டி ஒன்றாக்க மாட்டார், நேராக ஒரே கட்டையில் இழைத்துவிடுவார். கையில் இருந்த பழைய சாமானை வைத்தே ஒப்பேற்றிய மாதிரி இருக்கிறது அந்தக் கால்.

ஆனால் எலும்பைவிட எனக்கு உறுதியாகப் படுவது பிழைகள்தான். வைட்டமின் சி-யை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா என்று எதையாவது சாப்பிட்டால்தான் அது கிடைக்கும், இல்லாவிட்டால் ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய். ஆடு நெல்லிக்காயைத் தேடி அலைவதில்லை, அதன் ஈரலே வைட்டமின் சி செய்துகொள்ளும். கோழிக்குச் சிறுநீரகம் செய்து கொடுக்கும். நமக்கு ஏன் முடியவில்லை? தயாரிப்பின் கடைசிப் படியைச் செய்யும் நொதிக்கான மரபணு நம் உடம்பில் இல்லாமல் இல்லை, உடைந்து கிடக்கிறது. பல துண்டுகள் காணோம், மிச்சம் இருப்பதிலும் டி.என்.ஏ. எழுத்துகளில் பிழைகள். வேலை செய்யாத அந்த மரபணுவை ஒவ்வொரு தலைமுறையும் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துக்கொண்டே வருகிறது.

அழகர்கோயிலில் கையில் இருக்கிற பழத்தைப் பிடுங்குகிற குரங்குக்கும் இது செய்ய முடியாது, சிம்பன்சிக்கும் முடியாது. மனிதன், சிம்பன்சி, ஒராங்குட்டான், மக்காக் குரங்கு எல்லோருக்கும் ஒரே இடத்தில் அதே ஒரு எழுத்து விடுபட்டிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். கடவூர்ப் பக்கம் காட்டில் இருக்கிற தேவாங்கும் நம் வரிசைதான், ஆனால் முன்பே பிரிந்துபோன கிளை, அந்த வகைக்கு இந்த மரபணு ஒழுங்காக வேலை செய்கிறது. அதாவது தேவாங்குக் கிளை பிரிந்த பிறகுதான் நம் பக்கத்தில் உடைந்திருக்கிறது. கினிப்பன்றிக்கும் இதே மரபணு கெட்டுப்போயிருக்கிறது, ஆனால் அது தனியாகக் கெட்டது, உடைந்த விதம் வேறு. நெருங்கிய உறவு எங்கே இருக்கிறதோ அங்கே பிழையும் ஒன்றாக இருக்கிறது, தூரத்து உறவில் பிழை தனி.

தேவகோட்டை பேரேடு:

வாத்தியார் சொன்னதைப் படித்ததும் எங்கள் வீட்டுப் பழைய கணக்கு நினைவுக்கு வந்தது. ஐயா காலத்துப் பர்மா கடைப் பேரேடு இரண்டு படி எங்களிடம் இருக்கிறது, ஒன்று எங்கள் பெட்டகத்தில், இன்னொன்று சித்தப்பா வீட்டில். இரண்டிலும் ஒரே பக்கத்தில் ஒரே கூட்டல் தவறு. கூட்டல் சரியாக இருந்திருந்தால் இரண்டு கணக்குப்பிள்ளையும் தனித்தனியாகக் கூட்டியிருக்கலாம் என்று சொல்லலாம், ஏனென்றால் சரியான விடை ஒன்றுதான். இருவரும் அதே இடத்தில் அதே தவறைச் செய்திருந்தால், இரண்டும் வேறொரு பழைய ஏட்டைப் பார்த்து எழுதியது, அந்த ஏட்டிலேயே தவறு இருந்தது, அவ்வளவுதான். உ.வே.சா. மாதிரிச் சுவடி பதிப்பித்தவர்கள் ஒரு நூலின் பல பிரதிகளை வைத்துக்கொண்டு ஒப்பிட்டார்களே, எந்தச் சுவடி எதைப் பார்த்து எழுதியது என்று கண்டுபிடிக்கப் பொதுவான பிழைகளைப் போல உதவுவது வேறு இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், நம் ஊர் வீடு தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டானுக்கு 24 ஜோடி குரோமோசோம் (மரபணுக்களைச் சுமக்கிற இழை), நமக்கு 23. ஒரு ஜோடி எங்கே போனது? ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற இரண்டு வீடுகளைப் பின்வாசலோடு பின்வாசல் சேர்த்து ஒரே வீடாக்கிவிட்டார்கள் என்று வையுங்கள். நடு வீட்டில் இரண்டு பின்வாசல் நிலையும் அப்படியே நிற்கும். அடுப்படி இரண்டு இருக்கும், ஒன்றில்தான் அடுப்பு எரியும். நம் 2-ஆம் குரோமோசோம் இப்படித்தான் இருக்கிறது. குரோமோசோமின் கடைசி முனையில் மட்டும் திரும்பத் திரும்ப வரவேண்டிய எழுத்து வரிசை இதற்கு நடுவில் எதிரெதிராக முட்டிக்கொண்டு கிடக்கிறது. 1991-லேயே அந்த ஒட்டிய இடத்தைக் காட்டிவிட்டார்கள். நடுக்கட்டாக இருக்க வேண்டிய சென்ட்ரோமியர் ஒன்று வேலை செய்கிறது, இன்னொன்றின் மிச்சம் அணைந்துபோன அடுப்பு மாதிரித் தனியாக இருக்கிறது. சிம்பன்சியின் இரண்டு தனிக் குரோமோசோம்களைப் பக்கத்தில் வைத்தால் வரிசை பொருந்துகிறது.

குன்றக்குடிப் பையன்:

எல்லாம் சரிங்க அண்ணே, ஆனா குரங்கிலிருந்து மனிதன் வந்தான்னா இப்போ ஏன் குரங்கு இருக்கு? அப்புறம் யாரும் கண்ணால் பார்க்காத ஒன்றை எப்படி உறுதின்னு சொல்றது?

பள்ளத்தூர் விலங்கியல் வாத்தியார்:

தம்பி, இப்போது இருக்கிற குரங்கிலிருந்து நாம் வரவில்லை. சிம்பன்சி நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. ஒரே கோயில் பங்காளிகள் ஒருவர் இன்னொருவருக்குப் பிறந்தவர்கள் இல்லை, பின்னால் எங்கோ ஒரு பாட்டனார் இரண்டு பேருக்கும் பொது. உன் பெரியப்பா மகன் ஊரில் இருக்கிறார் என்பதால் நீ இல்லாமல் போய்விடுவாயா? நமக்கும் சிம்பன்சிக்கும் அந்தப் பொதுப் பாட்டனார் ஏறக்குறைய 60, 70 லட்சம் வருடத்துக்கு முந்தியவர். பார்க்க அவர் சிம்பன்சி மாதிரியும் இல்லை, நம் மாதிரியும் இல்லை.

கண்ணால் பார்க்காததைப் பற்றிக் கேட்டாய், சரி. தேடுவதற்கு முன்னாலேயே "இந்த வயதுப் பாறையில் இப்படி ஒன்று கிடைக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்த் தேடினால் என்ன? முதுகெலும்புள்ள விலங்குகள் நீரிலிருந்து நிலத்துக்கு வந்த காலம் எது என்று கணக்குப் போட்டு, சுமார் 37.5 கோடி வருடப் பாறை வெளியே தெரிகிற இடமாகப் பார்த்துக் கனடாவின் வடக்கே பனித் தீவுகளுக்குப் போனார்கள். 2004-ல் டிக்டாலிக் என்கிற விலங்கின் புதைபடிவம் கிடைத்தது. மீன் செதில், மீன் துடுப்பு, ஆனால் துடுப்புக்குள்ளே அந்த அக்கா வீட்டுக் கோழி இறக்கையில் பார்த்த அதே தொடக்கம், மேலே ஒன்று கீழே இரண்டு. கழுத்தும் திரும்பும், பொதுவாக மீனுக்கு அது கிடையாது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், அரியலூருக்கு ஒரு நாள் போய் வா. ஒரு காலத்தில் கடலாக இருந்த நிலம், அம்மோனைட் என்கிற, கூடு சுருண்ட பழைய கடல் உயிரிகளைப் பாறையில் பார்க்கலாம். அதே பாறைக்குள் ஒரு ஆட்டு எலும்போ மனித எலும்போ இதுவரை கிடைத்ததில்லை. எல்லாம் ஒரே நாளில் செய்யப்பட்டிருந்தால் எங்காவது ஒரு இடத்திலாவது கலந்து கிடந்திருக்கும்.

கண்டனூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்குக் காலையில் ஆட்டுக்கால் வாங்கி வந்தோம். வேகவைத்துச் சதை நீக்கி, எலும்பைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினாள் மகள். வாத்தியார் சொன்ன கோடு இருக்கிறது, ஆள்காட்டி விரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே ஓட்டினால் தெரிகிறது. அப்பத்தா கண்ணாடி போட்டுக்கொண்டு வளவு வெளிச்சத்துக்கு எடுத்துப் போய் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கீழ் முனையின் இரண்டு குமிழையும் கட்டைவிரலால் தடவிவிட்டு, "இது ஒட்டினதுதான்" என்றார்கள். கொஞ்சம் கழித்து மகளைக் கூப்பிட்டு, "அப்ப இதுக்கு முன்னாடி இருந்த ஆட்டுக்கு ரெண்டாவா இருந்துச்சு?" என்று கேட்டார்கள்.

எலும்பு இப்போது மொட்டைமாடியில் காய்கிறது, திங்கட்கிழமை பள்ளிக்கு எடுத்துப் போகிறாளாம். வாத்தியார் அண்ணே, அப்பத்தாவுக்கு நானே பதில் சொல்வதைவிட உங்களிடம் கேட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும்: அந்த எலும்பு இன்னும் ஒட்டாமல் தனித்தனியாக இருந்த பழைய ஆட்டுவகை மூதாதைகளின் எலும்பு எங்காவது கிடைத்திருக்கிறதா?

பள்ளத்தூர் விலங்கியல் வாத்தியார்:

கிடைத்திருக்கிறது தங்கச்சி. 5 கோடி வருடத்துக்கு முந்திய டயகோடெக்சிஸ் என்று ஒரு விலங்கு, முயல் அளவுதான் இருக்கும். இரட்டைக் குளம்பு வரிசையின் மிகப் பழைய ஆட்களில் ஒன்று. காலில் அந்த எலும்புகள் ஒட்டாமல் தனித்தனியாக, பக்கத்து விரல்களும் இருக்கின்றன. அப்பத்தாவிடம் சொல்லுங்கள், அவர்கள் கேட்டது மாதிரியே ரெண்டாகத்தான் இருந்தது.