பாசம் என்று நினைத்து விட்டுவிட்டோம்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

மதுரைக்காரி:
தங்கை அப்போது ப்ளஸ் டூ. அவள் பழகிய பையனைப் பற்றி எனக்குத் தெரியும், வீட்டில் தெரியாது. டியூஷன் முடிந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கிறோம். வந்தான், பேசவில்லை, கையை மட்டும் நீட்டினான். இவளும் பேசாமல் போனை லாக் எடுத்துக் கொடுத்தாள். அவன் வாட்ஸ்அப்பைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும்வரை துப்பட்டா நுனியை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டே இருந்தாள். விரல் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்த பிறகும் பஸ்ஸில் நான் சொன்னது, "உன் மேல எவ்வளவு பாசம் பாரு!" மூன்று மாதத்தில் கன்னத்தில் அறைந்தான்.

செந்தில்_திருச்சி:
நான் அந்தப் பையனாக இருந்தவன். அப்போது 17 வயது. அவள் போதும் என்றதும், "பேசலன்னா செத்துடுவேன்" என்று ராத்திரி முழுக்க மெசேஜ். காலையில் அவள் அம்மாவிடமிருந்து ஒரே வரி: "தம்பி, அவ தூங்கவே இல்லப்பா." அதுவரை நான் மட்டும்தான் அழுகிறேன் என்று நினைத்திருந்தேன்.

குமார்_சேலம்:
மதுரைக்காரி, அன்றைக்கே அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். தப்பு உங்கள் மேல்தான்.

ஒரு டீச்சர்:
குமார், அவ்வளவு சுலபமில்லை. என் வகுப்புப் பெண் ஒருத்தி, போட்டோவை வைத்து ஒருவன் மிரட்டுகிறான் என்று வீட்டில் சொன்னாள். அடுத்த வாரமே போனைப் பிடுங்கி, மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். மிரட்டியவன் நிம்மதியாகப் பரீட்சை எழுதினான். இதைப் பார்க்கும் பிள்ளைகள் எப்படி வாய் திறக்கும்? படிக்கும் பெற்றோருக்குச் சொல்கிறேன். முதலில் திட்டாமல் கேளுங்கள். மிரட்டல் மெசேஜை அழிக்க விடாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரமும் எடுப்பார்கள். பெண்களுக்கு 181 உண்டு. ஒரு பெண் வேண்டாம் என்று சொன்ன பிறகும் பின்னாலேயே போவது குற்றம். 2013-லேயே சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். இன்னொன்று, 18-க்குக் கீழ் இருப்பவரின் சம்மதத்தை, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் கணக்கில் எடுக்காது. விரும்பிப் பழகிய பையனும் வழக்கில் மாட்டலாம். அந்தப் பயத்திலேயே அடி வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும் பெண்கள் உண்டு. வீட்டில் சொல்ல முடியாவிட்டால் அத்தையோ சித்தியோ, நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லட்டும்.

மதுரைக்காரி:
டீச்சர், தங்கை அவனை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. நேற்று அம்மா மணி பார்க்க இவள் போனைக் கேட்டார். லாக் எடுத்து, வாட்ஸ்அப்பையும் திறந்து நீட்டினாள்.