மடிக்கிற ட்ரெயிலருக்கு கம்பி மாத்த ஆள் தெரியுமா?

வணக்கம் உறவுகளே. கைமாறி வந்த பழைய மடிக்கிற ட்ரெயிலர் ஒண்டு கல்லடியில எங்கட வளவுக்க நிக்குது. கைப்பிடியைச் சுத்தினா கூரை எழும்பும், ரெண்டு பக்கமும் கட்டில் வெளிய வரும், சுத்திவர கன்வஸ். பாசிக்குடா, அறுகம்பே பக்கம் பிள்ளைகளோட தங்கத்தான் எடுத்த.

இப்ப கூரையை உயர்த்தக்குள்ள பின்பக்க இடது மூலை மட்டும் பிந்தி எழும்புது. நாலு மூலைக்கும் ஒரே வின்ச்சில (கைப்பிடியால கம்பியைச் சுத்தி இழுக்கிற உருளை) இருந்துதான் கம்பி இழுவை போகுது. அந்த மூலைக் கம்பி நார்நாராப் பிரிஞ்சிருக்கணும், இல்லாட்டி கப்பி துருவேறி இறுகியிருக்கணும். கடல் காத்துக்கு எந்த இரும்புதான் தப்பும்! பலவந்தமாச் சுத்தினா கம்பி அறுந்து கூரை விழும் எண்டு மடிச்சே வெச்சிருக்கம். துருப்பிடிக்காத கம்பி அதே தடிப்பில மட்டக்களப்பு டவுனிலயோ கல்முனையிலயோ எடுக்கலாமா? வாழைச்சேனைப் பக்கம் போட் வேலை செய்றவங்களுக்கு இந்தக் கம்பி, கப்பி எல்லாம் அத்துப்படி எண்டு நினைக்கன். அப்படி ஆரையும் தெரிஞ்சா சொல்லுங்க.

கன்வஸில கறுப்புப் புள்ளியாப் பூஞ்சணம். ஈரத்தோட மடிச்சா வாறதுதான். குளோரின் போடச் சொல்லாதீங்க, நூலையும் தண்ணி புகாத பூச்சையும் அது தின்னும். வேற வழி?

பெயாரிங்குக்கு கிறீஸ் நாங்களே போடுவம். டயர் பார்க்க நல்லம், ஆனா பக்கத்தில 3214 எண்டு கிடக்கு, அதாவது 2014இல 32ஆம் கிழமை செஞ்சது. அதை மாத்தத்தான் வேணும்.

மாரிக்கு முந்தி கூரை வேலை முடியணும். படம் வேணுமெண்டா போடுறன்.