7 வருடப் பழைய போன், கையில் 12,000 ரூபாய்: பேட்டரி மாற்றலாமா, வேறு வாங்கலாமா?

பூந்தோட்டம் தையல் எழுதியது:

வணக்கம். திருவாரூர் மாவட்டம் பூந்தோட்டம் பக்கம் வீட்டோடு தையல் வேலை செய்கிறேன். ஜாக்கெட், சுடிதார், பள்ளிச் சீருடை. கஜா புயலில் முந்தைய போன் நனைந்து போனதால் 2019 சித்திரையில் 11,000 ரூபாய்க்கு இப்போது இருக்கும் போனை வாங்கினேன். 3 ஜிபி ராம், 32 ஜிபி இடம், ஆண்ட்ராய்டு 9. 7 வருடம் ஓடிவிட்டது.

இப்போது தினமும் இடம் இல்லை என்கிறது. வாடிக்கையாளர்கள் அனுப்பும் கழுத்து மாடல் படங்களில் ஒன்றை அழித்தால்தான் அடுத்தது இறங்குகிறது. காலையில் 100 காட்டும் சார்ஜ் 11 மணிக்கெல்லாம் 20க்கு வந்துவிடும். அதனால் கட்டிங் மேசையில், அயர்ன் பாக்ஸ் பக்கத்திலேயே சார்ஜில் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு மாதமாக இன்னொன்றும் கவனிக்கிறேன். மேசையில் மல்லாக்க வைத்து விரலால் தொட்டால் பம்பரம் மாதிரி சுற்றுகிறது. பின்மூடி ஓரத்தில் நகம் நுழைகிற அளவு இடைவெளி. உறை பழசாகி வளைந்துவிட்டது என்று நினைத்தேன். உறையைக் கழற்றினாலும் அப்படித்தான் சுற்றுகிறது.

ஏலச்சீட்டு எடுத்த பணம் 12,000 இருக்கிறது. அதற்கு மேல் ஆயிரம் புரட்டலாம். வீட்டுக்காரர் பணம் முழுக்கக் குறுவையில் கிடக்கிறது. அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் ஏறும்வரை அவரிடம் கேட்க முடியாது. மகன் கும்பகோணத்தில் ஆடித் தள்ளுபடியில் 24,000 ரூபாய் போன் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். மாதம் 2,000, 12 மாதத் தவணை, வட்டி கிடையாதாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்தப் போனில் சீக்கிரம் வாட்ஸ்அப் நின்றுவிடும் என்றும் சொல்கிறான்.

பேட்டரி மட்டும் மாற்றித் தீபாவளி வரை ஓட்டலாமா? செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? போன ஐப்பசி மழையில் அளவு நோட்டு நனைந்ததிலிருந்து எல்லோருடைய அளவும் இந்தப் போனில்தான் படமாக இருக்கிறது. எது போனாலும் அது போகக்கூடாது.

வேதாரண்யம் உப்புக்காற்று எழுதியது:

பேட்டரியை மாற்றிப் பாருங்கள் அக்கா. எங்கள் ஊரில் உப்புக்காற்றுக்குச் சார்ஜிங் பின் பச்சை பூத்துவிடும். என்னுடைய 4 வருடப் போனுக்குப் பேட்டரியும் பின்னும் சேர்த்து 1,400 ரூபாயில் மாற்றினேன். ஒரு வருடம் ஆகிறது, நன்றாகவே ஓடுகிறது. கெட்டது பேட்டரி என்றால் எதற்குப் புதுப் போன்?

மன்னார்குடி பெஞ்ச் எழுதியது:

அக்கா, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் போனைச் சார்ஜிலிருந்து எடுத்து அணைத்துவிடுங்கள். இன்றைக்கே. மேசையில் சுற்றுகிறது என்றாலே பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். உள்ளே வாயு சேர்ந்து நடுவில் புடைத்திருக்கிறது, அதனால்தான் போன் தட்டையாக உட்காரவில்லை. சூடும் ஆகாது, எந்நேரமும் 100லேயே நிற்பதும் ஆகாது. உங்கள் மேசையில் இரண்டும் சேர்ந்துவிட்டன. மூடியை அமுக்கி உட்கார வைக்கப் பார்க்காதீர்கள். தலையணைக்குக் கீழே, துணிக் குவியல் பக்கத்தில் வைக்காதீர்கள். சிமெண்ட் தரையில் தனியாக இருக்கட்டும்.

16 வருடமாக சர்வீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த மாதிரிப் போன் வந்தால் சார்ஜ் நன்றாக இறங்கிய பிறகுதான் கை வைப்பேன். பின்மூடியை இளஞ்சூடாக்கி, பிளாஸ்டிக் அட்டையை விட்டு ஓரம் ஓரமாகப் பசையைப் பிரிப்பேன். கத்தி, ஸ்க்ரூடிரைவர் பக்கத்திலேயே வராது. பேட்டரிக்கு அடியில் இருக்கும் பசைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு ஊற வைப்பேன். கழன்று வரும்போது பஞ்சு வைத்த தலையணை மாதிரி மெத்தென்று இருக்கும். அது குத்துப்பட்டால் தீதான். நேராக மணல் போட்ட தகர டின்னுக்குள் போய்விடும். அதற்குப் பிறகு டிசி பவர் சப்ளையில், அதாவது பேட்டரிக்குப் பதிலாக வெளியிலிருந்து மின்சாரம் தரும் பெட்டியில், கிளிப் மாட்டிப் போனை எழுப்பினால், பேட்டரி இல்லாமலே படங்களை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் அளவுப் படங்களுக்கு அதுதான் நல்ல வழி. திருவாரூரிலோ கும்பகோணத்திலோ பவர் சப்ளை வைத்திருக்கும் மெக்கானிக்காகப் பார்த்துக் கொடுங்கள். வேலை முடியும்வரை பக்கத்திலேயே உட்காருங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேதாரண்யத்து நண்பர் செய்தது அவர் போனுக்குச் சரி. 4 வருடப் போனுக்கு நல்ல பேட்டரி கிடைக்கும், இன்னும் சில வருடம் உழைக்கும். உங்களுடையது 2019 மாடல். கம்பெனிப் பேட்டரி இந்நேரம் கிடைப்பது அரிது. வெளியில் வாங்கிப் போட்டாலும் 32 ஜிபி 32 ஜிபிதான், இடம் இல்லை என்ற தொல்லை போகாது. ஆண்ட்ராய்டு 9க்குப் பாதுகாப்பு அப்டேட் நின்று வருடங்கள் ஆகின்றன, அதிலேயே வங்கிக் கணக்கையும் வைத்திருந்தால் ஆபத்து. ஆனால் வாட்ஸ்அப் விஷயத்தில் பயப்பட வேண்டாம். 2025 ஜனவரியோடு அவர்கள் கைவிட்டது ஆண்ட்ராய்டு 5க்கும் கீழே உள்ள போன்களை. அந்தப் பயத்துக்காகத் தவணையில் இறங்க வேண்டியதில்லை.

விலையை மட்டும் பார்க்காமல், மாதத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். 11,000 ரூபாய் போன் 84 மாதம் உழைத்திருக்கிறது. மாதம் 131 ரூபாய். நீங்கள் நன்றாக வாங்கியிருக்கிறீர்கள் அக்கா, அதையே இன்னொரு முறை செய்தால் போதும். 13,000க்கு வாங்கி 5 வருடம் வைத்திருந்தால் மாதம் 217. மலிவு என்று 9,000க்கு 4 ஜிபி போன் வாங்கி, 2 வருடத்தில் அது தள்ளாடினால் மாதம் 375. என் பெஞ்சுக்கு வந்து "இப்பதான் வாங்கினேன், இப்படி இழுக்குது" என்று கண் கலங்குபவர்களில் பாதிப்பேர் அந்த ரகம். எனக்கு அது மனசு கேட்காது, ஏனென்றால் அதை என்னால் சரிசெய்யவும் முடியாது.

கடையில் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்றுதான் முதலில் ஆரம்பிப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் தருவார்கள் என்று கேளுங்கள். சாம்சங்கின் ஏ16 5ஜி 2024 அக்டோபரில் வந்தபோது 6 வருடம் என்று அறிவித்தார்கள். அதையே வாங்குங்கள் என்று சொல்லவில்லை, நடுத்தர விலையிலும் அவ்வளவு காலம் தருகிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். ராம் 6 ஜிபி, இடம் 128 ஜிபிக்குக் குறைய வேண்டாம். மெமரி கார்டு போட வழி இருந்தால் உங்கள் மாதிரி படம் சேர்ப்பவர்களுக்கு நல்லது. அப்புறம் ஸ்டோரேஜ் வேகமான யுஎஃப்எஸ் வகையா, மெதுவான இஎம்எம்சி வகையா என்று கேளுங்கள். ஆற்றில் தண்ணீர் நிறைய வந்தாலும் மதகு சிறிதாக இருந்தால் வயலுக்கு ஏறாது இல்லையா, இஎம்எம்சி அந்தச் சின்ன மதகு. உங்கள் விலையில் இரண்டும் கலந்து கிடக்கும், கேட்டு வாங்கினால்தான் யுஎஃப்எஸ் கைக்கு வரும்.

2025 கடைசியிலிருந்து மெமரி சிப் விலை ஏறியதால், போன வருடம் 11,000க்குக் கிடைத்த மாதிரி போனுக்கு இப்போது கூடக் கேட்கலாம். அதற்காகத் தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம், உங்கள் பேட்டரி அதுவரை தாங்காது.

மகன் சொல்லும் தவணையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வட்டி இல்லை என்று சொன்னாலும் பிராசஸிங் கட்டணம் என்று ஒரு தொகை தனியாக வரும். கார்டில் போட்டால், தள்ளுபடியாகக் கழித்துக் காட்டும் அந்த வட்டிக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி உங்கள் தலையில். தேதிக்குக் கணக்கில் பணம் இல்லையென்றால் பைனான்ஸ்காரர் ஒரு பக்கம், வங்கி ஒரு பக்கம் அபராதம் போடும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, ஜாக்கெட்டும் வராது. தவணைத் தேதி அந்த மாதங்களிலும் வரும்.

பட்டுக்கோட்டை தென்னந்தோப்பு எழுதியது:

செகண்ட் ஹேண்ட் பற்றி என் அனுபவம். கடைத்தெருவில் ஒருவரிடம் பில் இல்லாமல் 7,500க்கு வாங்கினேன். 3 வாரத்தில் எந்த சிம் போட்டாலும் சிக்னல் வரவில்லை. விசாரித்தால் அது திருட்டுப் போன். உரியவர் புகார் கொடுத்து, ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ அடையாள எண்ணை முடக்கிவிட்டார். பணம் போனது போனதுதான்.

பழையதுதான் என்று முடிவெடுத்தால், பணம் கொடுக்கும் முன் அந்தப் போனிலேயே *#06# அடியுங்கள். 15 இலக்க எண் வரும். அது பெட்டியிலும் பில்லிலும் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு உங்கள் போனிலிருந்து கேஒய்எம் என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு அந்த எண்ணையும் போட்டு 14422க்கு மெசேஜ் அனுப்புங்கள். முடக்கப்பட்டது, போலி, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் வாங்காதீர்கள். இந்த ஒரு மெசேஜ் அன்றைக்குத் தெரிந்திருந்தால் 7,500 ரூபாய் தப்பியிருக்கும். பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ரீசெட் செய்த பிறகு அவருடைய பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிடும்.

பூந்தோட்டம் தையல் எழுதியது:

மன்னார்குடி தம்பி, படித்த கையோடு அணைத்துத் திண்ணையில் வைத்துவிட்டேன். ராத்திரி தலைமாட்டில் வைத்துத்தான் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். நினைத்தால் வயிறு கலங்குகிறது. செகண்ட் ஹேண்ட் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், புதிதுதான். மகனிடம் 131 ரூபாய்க் கணக்கைக் காட்டினேன், அவனே சரி என்றுவிட்டான்.

இன்னும் ஒரு கேள்வி. என் வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் க்யூஆர் ஒட்டியிருப்பதைப் பார்த்துத்தான் பணம் போடுகிறார்கள். போன் மாற்றினால் அந்த அட்டையும் மாற்ற வேண்டுமா? "கை அரை இஞ்ச் குறைங்க" என்று குரல் செய்தியில் சொன்னவை நிறைய இருக்கின்றன, அவையும் வருமா?

குடவாசல் இ-சேவை எழுதியது:

அக்கா, க்யூஆர் அட்டையை மாற்ற வேண்டாம். அது உங்கள் யுபிஐ முகவரியோடு சேர்ந்தது. அதே செயலியில் அதே எண்ணோடு அதே கணக்கைச் சேர்த்தால் போதும்.

புதுப் போனில் யுபிஐ பதிவு செய்யும்போது உங்கள் சிம்மிலிருந்து ஒரு மெசேஜ் தானாகப் போகும். அதனால் வங்கியில் கொடுத்த எண்ணின் சிம்மை முதலில் மாற்றுங்கள், அதில் ரீசார்ஜ் காலம் தீராமல் இருக்கட்டும். எங்கள் மையத்துக்கு வருபவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இன்னொன்று, போன் மாற்றிய முதல் 24 மணி நேரம் பெரும்பாலான வங்கிகள் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடாது. பெரிய தொகை கொடுக்க வேண்டிய நாளில் மாற்றாதீர்கள்.

குரல் செய்திகள் வரும். பெஞ்சில் போன் உயிரோடு இருக்கும்போதே வாட்ஸ்அப்பில் சாட் பேக்அப்பைத் திறந்து, வீடியோவை விட்டுவிட்டு கூகுள் கணக்குக்கு ஏற்றுங்கள். இலவச இடம் 15 ஜிபிதான், வீடியோவும் சேர்ந்தால் நிரம்பிவிடும். பேக்அப் முழுவதும் ஏறியதைப் பார்த்த பிறகு சிம்மைக் கழற்றுங்கள். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறதா என்று இன்றே போட்டுப் பாருங்கள். 7 வருடத்துக்கு முன் கடைக்காரர் போட்டுக் கொடுத்த கணக்கு என்றால் நிறையப் பேருக்கு அது தெரியாது.

பூந்தோட்டம் தையல் எழுதியது:

எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். குடவாசல் தங்கச்சி சொன்னது போலவே பாஸ்வேர்டு தெரியவில்லை. நல்லவேளை, அதே எண் இருந்ததால் ஓடிபி வைத்து மாற்றிக்கொண்டேன். அதற்குப் போனை 10 நிமிடம் திண்ணையிலேயே வைத்து, சார்ஜ் போடாமல் உயிர்ப்பித்தேன்.

கும்பகோணத்தில் ஒரு மெக்கானிக்கிடம் பேட்டரியைக் கழற்றினோம். உப்பிப்போய் நல்ல தடிமனாக வந்தது. அவரும் மணல் டின்தான் வைத்திருக்கிறார். கிளிப் மாட்டியதும் போன் எழுந்துகொண்டது. அளவுப் படங்கள் 214, ஒன்றுகூடப் போகவில்லை. இரண்டு மணி நேரம் ஆனது, 350 ரூபாய் வாங்கினார். பழைய போனை ரீசெட் செய்து, பேட்டரியோடு அவரிடமே விட்டுவிட்டேன்.

அதே தெருவில் மூன்று கடை ஏறினோம். இரண்டாவது கடையில் யுஎஃப்எஸ்ஸா என்று கேட்டதும் உள்ளே போய் வேறு பெட்டி எடுத்து வந்தார்கள். மூன்றாவது கடையில் அதே மாடல் 400 ரூபாய் குறைவு. 6 ஜிபி, 128 ஜிபி, கார்டு போடும் இடமும் உண்டு, 12,700 ரூபாய், ஜிஎஸ்டி பில்லோடு. கண்ணாடியும் உறையும் 300. பெட்டியில் இருந்த எண்ணையும் *#06# எண்ணையும் மகன் ஒத்துப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன்.

24 மணி நேரக் கணக்கும் சரியாக இருந்தது. நூல் கடைக்காரருக்கு 6,200 தர வேண்டியிருந்தது, மறுநாள் மாலைதான் போனது. சார்ஜ் போடுவதை இப்போது சமையலறை அலமாரிக்கு மாற்றிவிட்டேன், மேசையில் அயர்ன் பாக்ஸ் மட்டும்தான்.