சொட்டுநீர் டியூப்ல உப்பு அடைப்பு, மாத்தணுமா கழுவலாமா?

ராயக்கோட்டை பக்கம் தக்காளி போட்டிருக்கேன், போர் தண்ணி ஒரே உப்பு, டியூப்ல பாதி ஓட்டை வெள்ளையா அடைச்சு கடைசி செடிக்கு தண்ணியே போகல. புதுசுன்னா 12 எம்எம் போதும்ங்கறார் கடைக்காரர்.

— நீள சாலுக்கு 12 ஆகாதுங்க, கடைசில பிரஷர் செத்துரும். 16 எம்எம் இன்லைன் (சொட்டுவாய் டியூப்புக்குள்ளயே வச்சு வர்றது), கறுப்பு கலர்ல வாங்குங்க. வெளிச்சம் உள்ள போனா பாசி புடிக்கும்.

— அவசரப்பட்டு தூக்கிப் போடாதீங்கண்ணா, வெள்ளைன்னா சுண்ணாம்பு உப்பு, ஆசிட்ல கரையும். தண்ணிலதான் ஆசிட்ட ஊத்தணும், மாத்தி ஊத்துனா மூஞ்சில தெறிக்கும். தண்ணியோட பிஎச் (புளிப்பு அளவு) 4 வர்ற மாதிரி கலந்து வென்சுரில (உரத்த லைன்ல உறிஞ்சி விடுற கருவி) விட்டு, கடைசி வரைக்கும் போனதும் மோட்டார நிறுத்தி 24 மணி நேரம் விட்டுட்டு, டியூப் கடைசில இருக்கற எண்ட் கேப்ப (மூடிய) கழட்டி தெளிவா வர்றவரை ஓடவிடுங்க.

— பில்டர் கழுவி ரொம்ப நாளாச்சு, அதுனாலயா?

— பில்டர் மண்ணத்தான் புடிக்கும்ணா, கரைஞ்ச உப்ப இல்ல. ஆனா அதையும் கழுவுங்க.