சரல் விரித்த மாடியில் ஒழுக்கு: என் அனுபவம், உங்களுடையதையும் சொல்லுங்கள்

மார்த்தாண்டத்தில் எங்களுக்கு ஒரு கடைக் கட்டடம் உண்டு. கீழே நான்கு கடைகள், மேலே ஜவுளிக் குடோன். அப்பா 1980களில் கட்டியது. காங்கிரீட் தளத்தின் மேல் தார் உருக்கி ஊற்றி, ஃபெல்ட் (தார் தோய்த்த விரிப்பு) ஒட்டி, அதற்கு மேல் ஓர் அங்குலத்துக்கு ஆற்றுச் சரல், அதாவது உருண்டையான சிறு கற்கள், விரித்திருந்தார். நம் பக்கம் இப்படி மாடி அபூர்வம்தான். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிப்பதுதானே வழக்கம். ஆனால் சரல் வேலை செய்தது. வெயில் நேராகப் பட்டால் தார் காய்ந்து வெடிக்கும். சரல் அதற்குக் குடை. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு சொட்டு இறங்கவில்லை.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். ரப்பரும் வாழையும் சாய்ந்ததைப் பார்த்தோம். மாடி மூலையில் காற்று சரலை ஒதுக்கி, ஃபெல்ட்டை வெறுமையாக்கிவிட்டுப் போனதை யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வந்த மூன்றாவது இடவப்பாதியில் (தென்மேற்குப் பருவமழையில்) சேலைக் கட்டுகள் நனைந்தன.

முதலில் வந்தவர்கள் குடோனில் சொட்டும் இடத்தைப் பார்த்தார்கள், மேலே அதே இடத்தில் சரலின் மேலேயே ஏதோ ஒரு கெமிக்கலை ஊற்றினார்கள். அடுத்த மழையில் மறுபடியும் ஒழுக்கு. இப்படி இரண்டு தடவை பணம் போனது.

அப்புறம் குலசேகரம் பக்கத்திலிருந்து வயதான ஒரு கொத்தனார் வந்தார். மழை விட்ட மறுநாள் மத்தியானம், செருப்பைக் கழற்றிவிட்டு, மூலை மூலையாகக் குதிகாலை ஊன்றி நடந்தார். ஓர் இடத்தில் நின்று, "மக்களே, இங்கெ வந்து மிதிச்சுப் பாரு" என்றார். ஆப்பத்தின் நடுப்பகுதியை மிதித்ததுபோல் கால் உள்ளே போனது. சரலை ஒதுக்கி, உப்பியிருந்த ஃபெல்ட்டைக் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினார். வெதுவெதுப்பான தண்ணீர் வெளியே வழிந்தது. கீழே சொட்டும் இடம் அங்கிருந்து பன்னிரண்டு அடி தள்ளி! ஃபெல்ட்டுக்கு அடியில் புகுந்த தண்ணீர், சாய்வு போகும் திசையில் ஓடி, காங்கிரீட்டில் கீறல் கிடைத்த இடத்தில்தான் இறங்கும். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் என்று இன்றும் மனது அடித்துக்கொள்கிறது.

சரலை அள்ளும்போது ஒரு விஷயம் நடந்தது, இதை எல்லோரும் கவனியுங்கள். வேலையாட்கள் மொத்தத்தையும் தளத்தின் நடுவில் குவிக்க ஆரம்பித்தார்கள். கொத்தனார் சத்தம் போட்டு நிறுத்தினார். ஓர் அங்குலக் கனம் என்றால் ஆயிரம் சதுர அடிக்குக் கிட்டத்தட்ட மூன்றரை, நான்கு டன். பரவிக் கிடந்தால் தளம் தாங்கும், ஒரே இடத்தில் குவித்தால் தாங்காது. பீம் ஓடும் வரிசையில் சிறு சிறு குவியலாகப் போடச் சொன்னார், ஒரு பக்கம் முடித்துத்தான் அடுத்த பக்கம்.

கீறிய இடங்களை இரண்டு நாள் வெயிலில் காய விட்டு, ஒட்டுப் போட்டு, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் சாய்வாகப் பூசி அதன்மேல் ஃபெல்ட்டை ஏற்றினார். மழைநீர்க் குழாய் வாயில் மண்ணும் இலையும் அடைத்து ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. வேரோடு எடுத்தோம். பிறகு எல்லா வாயையும் அடைத்து, தண்ணீர் தேக்கி இரண்டு நாள் பார்த்தோம். குடோன் காய்ந்தே இருந்தது. பழைய சரலையே சலித்துக் கழுவித் திரும்ப விரித்தோம். கிரஷர் ஜல்லி போடலாமா என்று கேட்டேன். கூர் முனை ஃபெல்ட்டைக் குத்தும், உருண்டைக் கல்தான் வேண்டும் என்றார். இதெல்லாம் மாசி மாதத்தில். தை, மாசியை விட்டால் நம் மாவட்டத்தில் காய்ந்த தளம் கிடைப்பது கஷ்டம்.

குளச்சலிலிருந்து:
அண்ணே, எங்கள் கடைக்குச் சரல் இல்லை, வெறும் காங்கிரீட். கடலிலிருந்து கூப்பிடு தூரம். மேலே பூசிப் பூசிப் பார்த்தோம், அடியில் காரை பெயர்ந்து விழுந்தது. கொத்திப் பார்த்தால் கம்பி துருப்பிடித்து உப்பி, காங்கிரீட்டை அதுதான் தள்ளியிருக்கிறது. உப்புக்காற்று அடிக்கும் ஊரில் மேல்பூச்சுக்கு முன்னால் கம்பியைப் பாருங்கள். துருவைச் சுரண்டி, கம்பிக்குப் பூச்சடித்து, காரை அடைத்த பிறகுதான் எங்களுக்கு நின்றது.

நாகர்கோவிலிலிருந்து:
கோட்டாறு பக்கம் தாத்தா காலத்துக் கடை. சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்த தளம். போன வருஷம் தட்டோட்டின் இணைப்புகளை மட்டும் சுரண்டிப் புதிதாகப் பூசினோம். அடியில் இருந்த சுண்ணாம்பைக் கொத்தனார் உளியால் தட்டியபோது கல்லில் அடித்த சத்தம் வந்தது. அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டோம். மார்த்தாண்டம் அண்ணே, அந்தக் கொத்தனார் இப்போதும் வேலைக்கு வருகிறாரா?

மார்த்தாண்டம்:
வருகிறார் தம்பி. ஏணி ஏற மட்டும் மகன் கை கொடுக்க வேண்டும்.